அண்டை வீட்டுப் பூனையும் அயலார் உரிமையும்



அம்பத்தூரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 1960-களில் அங்குத் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர் வேலை தேடி வந்தோர் மனை வாங்கிக் குடியேறினர். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த ஊர் மெல்ல மெல்ல நகரமாயிற்று. 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு இணைந்து, இன்று அதன் 7-ஆவது மண்டலமாக விளங்குகின்றது. ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து அடுத்தவர் வீட்டுச் சன்ஷேடுக்கு ஓர் எட்டில் தாவிவிடலாம் என்னும் அளவுக்குப் பல தெருக்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. மனிதர் தாவுவதில்லை, பூனை தாவும்.

அப்படித் தாவி வரும் அண்டை வீட்டுக் கடுவன் பூனையொன்று உங்கள் வாசற்கதவில் சிறுநீரைப் பீய்ச்சிவிட்டுப் போகின்றது. அடுப்படியில் நுழைந்து மீன் சட்டியை உருட்டுகின்றது. மாடியில் பிள்ளைகள் ஆசையாய் வளர்த்த கோழிக்குஞ்சுகள் இரண்டைக் கவ்விச் சென்றுவிட்டது. ஒருநாள் விரட்டப்போன உங்கள் மகளின் கையில் இரத்தம் வரக் கீறியும் விட்டது. பொறுமை இழந்த நீங்கள் அண்டை வீட்டுக் கதவைத் தட்டுகின்றீர்கள். “வாயில்லாத ஜீவன் செய்வதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் பாய்?” என்று அவர்கள் கேட்கின்றார்கள். சொல் தடிக்கின்றது. பத்தாண்டுக் காலம் பெருநாள் பிரியாணியும் பொங்கல் கரும்பும் பரிமாறிக்கொண்ட இரு குடும்பங்கள் அன்றோடு முகம் பார்ப்பதை நிறுத்திக்கொள்கின்றன. “சோற்றில் மருந்து வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்று எவரோ காதில் ஓதுகின்றார்.

இது அற்ப விஷயமா? இல்லை சகோதரர்களே! ஒரு குழந்தையின் உயிர், ஒரு பிராணியின் உயிர், இரு குடும்பங்களின் உறவு ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன. இதற்கு மார்க்கம் என்ன வழி காட்டுகின்றது, மருத்துவமும் சட்டமும் என்ன சொல்கின்றன என்பதை நாம் சற்று விரிவாகவே காண்போம்.

இரண்டு உரிமைகள்

அண்டை வீட்டாருக்கு நன்மை செய்யுமாறு திருக்குர்ஆனின் 4-ஆவது அத்தியாயம் 36-ஆவது வசனம் கட்டளையிடுகின்றது. உறவினரான அண்டை வீட்டாரை மட்டுமின்றி, உறவினரல்லாத அண்டை வீட்டாரையும் அவ்வசனம் சேர்த்தே குறிப்பிடுகின்றது. வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைக் குறித்து இடைவிடாமல் வலியுறுத்தியதால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று எண்ணும் அளவுக்குத் தாம் ஆனதாக நபி (ஸல்) அவர்கள் தெரிவித்துள்ளார்கள். இச்செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அண்டை வீட்டார் முஸ்லிமல்லாதவராயின் இந்த உரிமை குறைந்துவிடுமா? குறையாது. நபித்தோழர் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான தம் அண்டை வீட்டாருக்கு அதிலிருந்து கொடுத்தீர்களா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். இதனை அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் காணலாம்.

அடுத்தது பூனையின் உரிமை. ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணொருத்தி அதன் காரணமாகவே நரக வேதனைக்கு உள்ளானாள் என்ற நபிமொழியை நாமெல்லாம் அறிவோம். நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்வதற்காக வைத்திருந்த தண்ணீரைப் பூனை ஒன்று குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். வியப்போடு பார்த்த தம் மருமகள் கப்ஷா (ரலி) அவர்களிடம், பூனை அசுத்தமானதன்று, அது நம்மைச் சுற்றிவரும் பிராணிகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள்.

ஆக, சுற்றி வருவது பூனையின் இயல்பு என்பதை மார்க்கமே ஏற்றுக்கொள்கின்றது. அப்படியானால் அது விளைவிக்கும் சேதத்திற்கு யார் பொறுப்பு?

சேதத்திற்கு யார் பொறுப்பு?

வாயில்லாப் பிராணி தானாக ஏற்படுத்தும் சேதத்திற்கு இழப்பீடு இல்லை என்ற பொதுவிதி புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெறும் நபிமொழியிலிருந்து பெறப்படுகின்றது. “வாயில்லாத ஜீவன்” என்று உங்கள் அண்டை வீட்டார் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கின்றது.

ஆனால், மறு பாதியும் உண்டு. பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் ஒருவரின் தோட்டத்தில் புகுந்து பாழ்படுத்தியபோது, பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு, இரவில் பிராணியைக் காப்பது அதன் உரிமையாளரின் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பொறுப்பு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்!

நம் தமிழகத்தில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் பூனைக்கென்றே தனிச்சட்டம் உண்டு. ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் இதை ஆராய்ந்துள்ளார்கள். பறவையைப் பிடிப்பதும் உணவைப் பாழாக்குவதும் ஒரு பூனையின் வழக்கம் என்று அறியப்பட்டுவிட்டால், அதன் உரிமையாளர் இரவானாலும் பகலானாலும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்பதே சரியான கருத்து என்கின்றார்கள். அத்தகைய வழக்கம் இல்லாத பூனை என்றாவது ஒருநாள் அவ்வாறு செய்துவிட்டால் அவர்மீது பொறுப்பில்லை. ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) அவர்களும், பிறரின் குஞ்சுகளைத் தின்னும் பூனையை வைத்திருப்பவர் இழப்பீடு தரவேண்டும் என்றே எழுதியுள்ளார்கள். ஹனஃபி மத்ஹபிலோ, பிராணி தானாகச் சென்று செய்த சேதத்திற்கு உரிமையாளர் பொறுப்பல்லர் என்ற பொதுவிதியே முன்னிற்கின்றது.

ஷாஃபிஈ சட்டத்தின் நுட்பத்தைப் பாருங்கள். பூனையின் இயல்பு தெரிந்திருந்ததா என்பதே அங்குக் கேள்வி. தெரியாதவரைக் குற்றம் சொல்ல இயலாது. தெரிந்தும் கட்டுப்படுத்தாதவர் தப்ப இயலாது. அப்படியானால், பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டிய முதல் வேலை, உரிமையாளருக்கு அதைத் தெரியப்படுத்துவதே அன்றோ?

எப்படித் தெரியப்படுத்துவது?

கோபம் கொதிக்கும் வேளையில் கதவைத் தட்டாதீர்கள். தெருவில் நின்று நாலுபேர் கேட்கப் பேசாதீர்கள். இரவெல்லாம் நின்று வணங்கி, நோன்பு நோற்று, தர்மமும் செய்துவந்த பெண்ணொருத்தி தன் நாவினால் அண்டை வீட்டாரைத் துன்புறுத்தியதால் நரகவாசி என்று நபி (ஸல்) அவர்களால் எச்சரிக்கப்பட்டாள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஓய்வான நேரத்தில் சென்று, “அக்கா, நேற்று உங்கள் பூனை என் மகளின் கையைக் கீறிவிட்டது. அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கின்றீர்களா என்று கேட்டுப் போகவே வந்தேன்” என்று தொடங்கிப் பாருங்கள். “பூனை வளர்க்கத் தெரியாதவர்கள்” என்ற ஒரு சொல் மூடிவிடும் கதவை இந்தப் பேச்சு திறந்துவிடும். நடந்தது எது, எந்த நாள், எந்த நேரம் என்பதை மட்டும் சொல்லுங்கள். மிகைப்படுத்த வேண்டாம். சேதம் செய்தது அந்தப் பூனைதானா என்பதையும் முன்னதாகவே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே நிறத்தில் நாலு பூனைகள் திரியும் தெருவில் பழி மாறிப்போவது எளிது.

இருமுறை சொல்லியும் பயனில்லை எனில், இரு வீட்டாரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துப் பேசுங்கள். இருவரும் முஸ்லிம்களாயின் மஹல்லா இமாமோ, ஜமாஅத் பொறுப்பாளரோ நடுநிலையாய் இருக்கலாம். அதற்கும் பின்னரே மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணை நாடலாம். முதல் நாளே புகார் கொடுப்பது நியாயம் போலத் தோன்றினும், அதன் பின்னர் உறவு திரும்புவது கடினம்.

பூனை ஏன் மூர்க்கமாகின்றது?

பூனைக்கு நம்மீது பகை ஏதுமில்லை. கருத்தடை செய்யப்படாத கடுவன், தன் எல்லையைக் காட்டவே சுவரிலும் கதவிலும் சிறுநீர் பீய்ச்சுகின்றது. மற்றப் பூனைகளோடு இரவெல்லாம் சண்டையிடுகின்றது. குட்டி ஈன்ற தாய்ப்பூனை அருகில் வருபவர்மீது பாய்கின்றது. காயமோ நோயோ உள்ள பூனை தொட்டாலே கடிக்கின்றது. தப்பிச்செல்ல வழியின்றி மூலையில் மாட்டிக்கொண்ட பூனை நிச்சயமாகத் தாக்கும். விரட்டும்போது கதவைத் திறந்து வைத்து வழி விடாததும் வீடுகளில் ஏற்படும் கீறல்களுக்குக் காரணமாகலாம்.

காதுகள் பின்னால் மடங்குவதும், வால் முடி சிலிர்த்துப் பருப்பதும், சீறுவதும் அதன் எச்சரிக்கைகள். அப்போது நேருக்கு நேர் முறைக்காமல் மெல்லப் பின்வாங்க வேண்டுமெனப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். தொலைவிலிருந்து கைதட்டினாலோ, சிறிது தண்ணீர் தெளித்தாலோ பூனை போய்விடும். துன்புறுத்தும் பிராணியைத் தடுப்பதில் எது மிக இலேசான வழியோ அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது ஃபிக்ஹுச் சட்டமும் ஆகும்.

பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரரின் பொறுப்பு என்ற தீர்ப்பை நமக்கும் பொருத்திக்கொள்வோம். மீன் கழுவிய நீரையும் கழிவையும் மாடியில் விடக்கூடாது. குப்பைக்கூடைக்கு மூடி வேண்டும். சமையலறை ஜன்னலுக்குக் கம்பிவலை அடிக்க வேண்டும். கோழிக்கூண்டின் வலைக்கண்கள் பூனையின் கை நுழையாத அளவுக்குச் சிறியனவாக இருக்க வேண்டும். சிறுநீர் பட்ட இடத்தைச் சோப்பு நீரால் நன்கு கழுவி வெயிலில் உலரவிடுங்கள். வாடை இருக்கும்வரை பூனை அங்கேயே திரும்ப வரும். பூனையின் சிறுநீர் நஜீஸ் ஆகும் என்பதால், தொழும் ஆடையிலோ விரிப்பிலோ பட்டால் கழுவுவது அவசியம். அதன் வாய்பட்ட தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில், வேறு தண்ணீர் இருக்க அதைப் பயன்படுத்துவது விரும்பத்தகாதது. எலியைத் தின்ற இரத்தக் கறையோடு உடனே வந்து சிறிதளவு தண்ணீரில் வாய் வைத்துவிட்டால் அது அசுத்தமாகிவிடும்.

கடியும் கீறலும்: அலட்சியம் வேண்டாம்!

வெறிநோய் எனப்படும் ரேபீஸ் நாயால் மட்டுமே வரும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மனிதருக்கு அது பெரும்பாலும் நாய் மூலமே பரவுகின்றது என்பது மெய். எனினும் பூனையாலும் பரவும். நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இயலாத ஒன்று. ஆனால், உரிய நேரத்தில் சிகிச்சை பெற்றால் முற்றிலும் தடுத்துவிடலாம்.

பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்குத் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி போடப்படுகின்றது. இரத்தம் கசிந்த காயமாயின், தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் தேவைப்படும். பூனையின் பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால், வெளியே சிறு புள்ளியாகத் தெரியும் கடியும் ஓரிரு நாளில் சீழ்பிடித்து வீங்கக்கூடும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. கடித்த பூனையைப் 10 நாட்கள் கண்காணிக்குமாறு மருத்துவர்கள் கூறுவர். அந்நாட்களில் அது நலமாக இருந்துவிட்டால், கடித்தபோது அதனிடமிருந்து வெறிநோய் பரவவில்லை என்று உறுதியாகும். சிகிச்சையை அதுவரை தள்ளிப்போடக் கூடாது. எனினும், பெற்றோரின் மனம் ஆறுதல் கொள்ள அதைவிடச் சிறந்த சான்று இல்லை. பூனையைக் கொன்றுவிட்டவரோ அந்தச் சான்றைத் தம் கையாலேயே அழித்துவிட்டவர் ஆகின்றார்!

விஷமும் சாக்கும் தீர்வல்ல

விஷம் வைப்பது மார்க்கத்தில் பெரும் பாவம். நாட்டுச் சட்டத்திலும் குற்றம். 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் அதனைத் தடை செய்கின்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவு, கெடுநோக்குடன் பிராணியைக் கொல்பவருக்கும் ஊனப்படுத்துபவருக்கும் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வழி செய்கின்றது. அதே சட்டத்தின் 291-ஆவது பிரிவு, தம்மிடமுள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராதவாறு காக்கத் தவறும் உரிமையாளருக்கும் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கின்றது. சட்டமும் இருவரையும் பார்த்தே பேசுகின்றது.

மேலும், வைத்த விஷம் யாருக்கென்று எழுதி வைக்கப்படுவதில்லை. காகம் கொத்தும், தெருநாய் தின்னும், தவழும் குழந்தையும் எடுத்து வாயில் வைக்கும்.

சாக்கில் கட்டி ஏரிக்கரையில் விட்டுவருவதைச் சிலர் இரக்கமான வழி என்று கருதுகின்றனர். பிறருக்கு உரிய பிராணியை அவரறியாமல் கொண்டுபோவது எந்த வகையில் நியாயம்? வீட்டுச் சோற்றுக்குப் பழகிய பூனை அங்குப் பட்டினி கிடந்து மடிந்தால், நரக எச்சரிக்கை பெற்ற அந்தப் பெண்ணின் செயலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பூனை நம்முடையதாயின்...

இதுவரை பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று பேசினோம். பூனை நம்முடையதாக இருந்தால்? எவருடைய தீங்கிலிருந்து அவரின் அண்டை வீட்டார் அச்சமின்றி இருக்க முடியவில்லையோ அவர் இறைநம்பிக்கையாளர் அல்லர் என்ற புகாரீயின் நபிமொழி, அப்போது நம் வாசலில் வந்து நிற்கும். “நபியவர்கள் நேசித்த பிராணி” என்று சொல்லிப் பூனைக்குச் சோறு வைத்துவிட்டு, அதன் தொல்லையை அண்டை வீட்டாருக்கு விட்டுவிடுவது தர்மமாகாது.

ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி போடலாம். 1903-இல் தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை நிலையங்களும் இதற்கு உதவும். இரவில் வீட்டுக்குள் அடைத்து, மணல் நிரப்பிய தட்டில் கழிக்கப் பழக்குங்கள். அந்தத் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்வது நல்லது. பூனைக் கழிவின் மூலம் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால், அந்த வேலையைக் கர்ப்பிணிகளிடம் விடாதீர்கள்.

கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் கடுவனின் அலைச்சல், சண்டை, சிறுநீர் பீய்ச்சுதல் ஆகியன பெரும்பாலும் குறைந்துவிடும். இதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பயனோ, தீங்கைத் தடுத்தலோ இருந்தால் பூனைக்குக் காயடிப்பதில் குற்றமில்லை என்று ஹனஃபி நூலான ‘ஃபதாவா ஹிந்திய்யா’ கூறுகின்றது. உண்ணப்படாத பிராணிகளுக்கு அது கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பிறருக்குத் தீங்கு நேர்வதைக் கருதி இக்காலத்தில் அனுமதிக்கும் அறிஞர்களும் உள்ளனர். உங்கள் பகுதி ஆலிமிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேட்டு முடிவெடுங்கள்.

அண்டை வீட்டுக் குஞ்சைப் பூனை கவ்வியது என்று தெரிந்தால், அவர்கள் கேட்பதற்கு முன்பே அதன் விலையை எடுத்துச் சென்று கொடுங்கள். மத்ஹபுச் சட்டப்படி கடமையா இல்லையா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அந்தச் சிறு தொகை காக்கும் உறவு பெரிது.

இருவரும் இழக்காத தீர்ப்பு

இறுதியாக, திருக்குர்ஆன் 21-ஆவது அத்தியாயத்தில் குறிப்பிடப்படும் ஒரு வழக்கை நினைவுகூர்வோம். ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் வேளாண்மையில் மேய்ந்துவிட்டன. ஆடுகளை விளைநிலத்தின் உரிமையாளருக்கே கொடுத்துவிடுமாறு தாவூத் (அலை) அவர்கள் தீர்ப்பளித்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். மகனார் ஸுலைமான் (அலை) அவர்களோ வேறொரு வழியைச் சொன்னார்கள். ஆட்டுக்காரர் அந்நிலத்தைப் பழையபடி விளைவித்துத் தரவேண்டும். அதுவரை ஆடுகளின் பால், ரோமம் முதலியவற்றை நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும். பின்னர் அவரவர் பொருள் அவரவருக்கே திரும்பட்டும் என்றார்கள். அவ்விளக்கத்தைத் தாமே அவருக்கு அளித்ததாக அல்லாஹ் குறிப்பிடுகின்றான்.

அந்த வழியில் நிலத்துக்காரர் விளைச்சலை இழக்கவில்லை. ஆட்டுக்காரர் ஆடுகளை இழக்கவில்லை. நம் தெருவின் சிறு வழக்கிலும் தேட வேண்டியது அத்தகைய முடிவைத்தான். ஒருவர் கம்பிவலை அடிக்கட்டும். மற்றவர் தடுப்பூசி போட்டு இரவில் பூனையை அடைக்கட்டும். இறந்த குஞ்சுக்கு விலை கொடுக்கப்படட்டும். குழந்தையும் நலமாக இருக்கும், பூனையும் உயிரோடிருக்கும், அடுத்த பெருநாளன்று பிரியாணிப் பாத்திரமும் சுவரைத் தாண்டிச் செல்லும்.

இன்றே அண்டை வீட்டுக் கதவை ஸலாமுடனோ வணக்கத்துடனோ தட்டுங்கள். அயலாருக்கும் வாயில்லா ஜீவன்களுக்கும் உரிய கடமையைப் பேணி வாழும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.